தொட்டுக் கும்பிட்டால் தோல்வி

என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். அச்சுக் கோப்பவர் பொறுத்துக்கொள்ளட்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு வெட்கமில்லை. அந்தக் கலையில் உலகத்திலேயே பெரிய ஆளோடு பழகியவன் நான்.

கேமரன் மலையின் தேயிலைச் செடிகளைக்கூட எண்ணிவிடலாம், அவர் கேட்ட மன்னிப்புகளை எண்ண முடியாது. எங்கள் தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு போடுகிறவர். சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. 'மன்னிப்பு' என்றால் துரைக்கும் தெரியும். ஆறடி ஆள். தோளுக்கு ஒரு தூள் மூட்டையோடு படியேறுவார். ஆனால் கால் எதன்மேல் பட்டாலும் குனிந்து, தொட்டு, கண்ணில் ஒற்றிக்கொள்வார். மனிதர்மேல் பட்டால் நாம் எல்லோரும் செய்வதுதான். அவர் லோரி டயருக்கும் செய்வார்.

ஒருநாள் காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது துரையின் நாய் வாலை மிதித்துவிட்டார். உடனே வாலைத் தொட்டுக் கும்பிட்டார். அன்றிலிருந்து நாய் பங்களாவில் தங்கவில்லை. அவர் வாசலே கதி. துரை மூன்று முறை ஆளனுப்பிப் பார்த்துவிட்டு வேறு நாய் வாங்கினார்.

எழுபதுகளின் கடைசியில், கோலா தெர்லாவிலிருந்து முட்டைக்கோஸ் ஏற்றும் சீன லோரிக்காரர் ஒருவர் எங்களுக்கு ஜியு ஜிட்சு சொல்லித்தர வந்தார். தரையில் கட்டிப் புரண்டு மடக்கும் வித்தை. ஈப்போவில் கற்றாராம். "தனியா உருண்டா பைத்தியம்னு சொல்றாங்க லா" என்று ஆள் தேடினார். குருவைச் சிஃபூ என்றுதான் கூப்பிடவேண்டும் என்றார். நாலு பேர் சேர்ந்தோம். பழைய ஸ்டோரில், தேயிலைக் கழிவைச் சாக்குகளில் அடைத்துத் தைத்து மெத்தை போட்டோம். வேர்வையில் ஊறி, பாதித் தேநீராகத்தான் வீடு திரும்புவோம்.

நான் வாய் திறக்கத் தெரியாதவன். கடையில் சீனி கேட்கக்கூட எல்லோரும் போகும்வரை ஓரமாக நிற்பேன். இங்கே பேசவே வேண்டாம், பிடித்தால் போதும். முப்பது வயதில் எனக்குக் கிடைத்த முதல் கூட்டாளிகள் இவர்கள்தான்.

முதல் பாடம்: தாங்க முடியாவிட்டால் எதிராளியைக் கையால் தட்டவேண்டும். தட்டினால் தோல்வி. பிடித்தவன் உடனே விட்டுவிடவேண்டும்.

மன்னிப்பு அண்ணன் என்னைத் தூக்கிப் போட்டு மேலே உட்கார்ந்தார். எனக்கு மூச்சு இல்லை. அந்த நேரம் அவர் பாதம் என் தோளில் உரசியது. பதறிப்போய் என்னைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"ஹாபீஸ்! முடிஞ்சிச்சு!" என்று கத்தினார் சிஃபூ. "நீ தட்டிட்டே, தோத்துட்டே லா!"

"கால் பட்டுருச்சு சிஃபூ. கும்பிடாம எப்படி?"

"இந்த வெளையாட்டே கால்தான் லா!"

ஆறு மாதம் இப்படியே. தோட்டத்திலேயே பலசாலி, வாரம் தவறாமல் எல்லோரிடமும் தோற்றார்.

கடைசியில் சிஃபூவுக்கே பொறுக்கவில்லை. "அடுத்த ஞாயிறு ஈப்போவுல இருந்து என் கூட்டாளி வர்றான். ஒருத்தனாச்சும் ஜெயிக்கணும். இல்லன்னா இங்க லோரி நிக்காது. எனக்கு மானம் போவுது லா!"

லோரி நிற்காவிட்டால் நான் மறுபடியும் கடை ஓரத்தில் நிற்கிறவன்தான்.

ஈப்போக்காரர் வந்தார். ஊற்றி வைத்த தேநீர் ஆறுவதற்குள் மூன்று பேரை முடித்தார். என் முறை முடிந்ததை நானே கவனிக்கவில்லை.

மன்னிப்பு அண்ணன் எழுந்தார். எதிராளியைத் தலை, தோள், இடுப்பு, முழங்கால் என்று வரிசையாகத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தம்பி, பின்னால நேரம் கெடைக்காது. மொத்தமா இப்பவே கேட்டுக்கிறேன்." மந்திரம் போடுகிறார் என்று நினைத்து ஈப்போக்காரர் வெளிறிப்போனார்.

அப்புறம் கால் எங்கே பட்டும் அண்ணன் கவலைப்படவில்லை. ஒரே நிமிடத்தில் எதிராளியின் கழுத்து அவர் கைக்குள். ஈப்போக்காரர் அவர் முதுகில் படபடவென்று தட்டினார்.

அதுவரை அண்ணனிடம் யாருமே தட்டியதில்லை. அதற்குள் அவரே தோற்றிருப்பார்.

"பரவால்ல தம்பி! எங்கிட்டப் போயி மன்னிப்பெல்லாம் எதுக்கு?" என்று பாசத்தோடு இன்னும் இறுக்கினார்.

"ஹாபீஸ்! விடு லா!"

"இந்தத் தடவ நான் தொடவே இல்ல சிஃபூ! சத்தியமா தொடல!"

ஈப்போக்காரர் முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போனது. சிஃபூ இழுத்தும் அந்தக் கை அசையவில்லை. என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது என் சத்தம் என்று எனக்கே தெரியாது.

"அண்ணே! விடுங்கண்ணே! தோத்தது அவரு! நீங்க ஜெயிச்சிட்டீங்க!"

தகரக்கூரை அதிர்ந்தது. வெளியே நாய் குரைத்தது. அண்ணன் கையை விட்டார். "நானா?" என்றார். பிறகு ஈப்போக்காரரின் கழுத்தைத் தொட்டுக் கும்பிட்டு, தேநீர் ஊற்றிக் கொடுத்தார். லோரி தொடர்ந்து நின்றது. மறுநாள் கடையில் முதல் ஆளாகச் சீனி கேட்டேன். கடைக்காரர் யாரோ புது ஆள் என்று நிமிர்ந்து பார்த்தார்.

போன மாதம் அண்ணன் வேலையை விட்டு, மகள் வீட்டுக்கே லெம்பா பெர்த்தாம் போய்விட்டார். லோரி ஏறுமுன் என்னைக் கட்டிப்பிடித்தார். நானும் பிடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து என் முதுகில் இரண்டு தட்டு விழுந்தது.

சட்டப்படி நான் உடனே விட்டிருக்கவேண்டும். விடவில்லை.

எழுதி முடித்தது: 15 ஜனவரி 1989, ஞாயிறு.