திருத்திய மழையளவு

நெருப்பை முதலில் மூட்டியவன் யாரென்று தெரியாது. சக்கரத்தைச் செதுக்கியவனுக்கு எங்கும் சிலை இல்லை. ஆனால் மழையை முதன்முதலில் அடக்கியது யார் என்ற கேள்வி வந்தால் வரலாறு திணற வேண்டியதில்லை. அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் எங்கள் மாவட்டத்தின் வானிலைக் கண்காணிப்புத் துணைக்குழுதான் அது. பன்னிரண்டு மாதங்களில், ஒரு குடைகூட விரிக்காமல், வெறும் தீர்மானங்களாலேயே அதைச் சாதித்தோம். குழுவின் செயலாளர் மலக்கி டூஹி. அதாவது, நான்.

சாதனைக்கு வாய்ப்பளித்தவை பதினெட்டு வீடுகள். நாடு முழுக்க வீடு கட்டும் காய்ச்சல் அடித்த காலத்தில் ஊருக்கு வெளியே எழும்பியவை. காய்ச்சல் இறங்கியதும் கட்டியவர் கனடாவுக்குப் போய்விட்டார். வீடுகளால் போக முடியவில்லை. அவை நின்றது ஒரு டர்லாக்கின் விளிம்பில். டர்லாக் என்றால் கோடையில் மாடு மேயும் புல்வெளி. குளிர்காலத்தில் சுண்ணாம்புப் பாறையின் ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் கீழிருந்து ஏறி வந்து அது ஏரியாகிவிடும், அன்னங்கள் நீந்தும். கட்டியவர் குடியிருப்புக்கு 'ஏரிக்காட்சி' என்று பெயர் வைத்திருந்தார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மை அதுதான். எங்கள் குழு முதல் வேலையாக அதை 'வெயில்வெளி' என்று மாற்றியது.

மேலிடத்திலிருந்து வந்த நிபந்தனை எளிமையானது. ஓராண்டு மழையளவு தொள்ளாயிரம் மில்லிமீட்டருக்குள் இருந்தால் வீடுகளில் ஆட்களைக் குடியேற்றலாம். முதல் மூன்று மாதங்கள் நம்பிக்கை அளித்தால் தற்காலிக அனுமதி. குழுவின் தலைவர் கார்னீலியஸ் காஃப்னி இதைப் படித்துவிட்டு, "வானிலைங்கறது வானத்தோட நிலை. நம்ம நிலை என்னங்கறத நாமதான் முடிவு பண்ணணும்" என்றார். இப்படிப்பட்ட ஒருவர் தலைவராக வாய்க்க ஒரு மாவட்டம் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

மழையை அளந்து வந்தவர் டிம்ப்னா ஃபீரிக். நாற்பத்தொரு மாடுகள். தினமும் பால் கறந்து முடித்து, அதே ரப்பர் பூட்ஸோடு ஒன்பது மணிக்குத் தன் வயலில் நட்டிருக்கும் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதுவார். கிறிஸ்துமஸ் அன்றும் எழுதுவார். பத்தொன்பது வருடமாக இதற்கு அவருக்குச் சம்பளம் இல்லை. ஆகவே அவரைக் கட்டுப்படுத்துவதும் எளிதாக இல்லை. தலைவரும் அவரும் பள்ளியில் ஒரே பெஞ்ச். ஊரே 'தலைவரே' என்று கூப்பிடும் மனிதரை அவர் ஒருவர்தான் கார்னீலியஸைச் சுருக்கி 'கோன்' என்பார்.

பிப்ரவரிக் கூட்டத்தில் ஜனவரிக் கணக்கைப் படித்தார். நூற்று அறுபத்து மூன்று மில்லிமீட்டர். இருபத்தேழு மழை நாட்கள்.

தலைவர் பதறவில்லை. "சரி டிம்ப்னா. இதுல நம்ம மழை எவ்வளவு?"

"எல்லாமே நம்ம தலையிலதான் விழுந்துச்சு, கோன்."

"விழுந்தது இருக்கட்டும். எங்கருந்து கிளம்பிச்சு?"

"கடல்லருந்து."

"அப்ப அது வெளியூர் மழை. கிழக்க போற வழியில இங்க நின்னுட்டுப் போகுது. ஸ்டேஷன்ல ரயில் நின்னா, ரயில் ஸ்டேஷனுக்குச் சொந்தமாயிடுமா?"

"ரயில்ல வந்த அத்தனை பேரும் இங்கயே இறங்கிட்டாங்களே."

அந்தக் கூற்று குறிப்பேட்டில் பதிவாகவில்லை. 'இடைவழி மழை' என்ற புதிய பிரிவு பதிவானது. ஜனவரிக் கணக்கு ஐம்பத்தெட்டாக இறங்கியது.

மார்ச் மாதக் கூட்டத்தில் ஒரு விஞ்ஞானச் சிக்கல் எழுந்தது. பிப்ரவரி முழுக்கப் புயற்காற்று. தலைவர் அகராதியைத் திறந்து, 'பெய்தல்' என்றால் மேலிருந்து கீழே விழுதல் என்று படித்தார்.

"உங்க வயல்ல மழை எப்படி வந்துச்சு?"

"பக்கவாட்டுல. மாட்டுக்கு இடப்பக்கம் மட்டும் நனைஞ்சுச்சு."

"பாருங்க, அவங்களே ஒத்துக்கறாங்க. பக்கவாட்டுல வர்றது பெய்யறது இல்ல. அது வந்து..." என்று தலைவர் என்னைப் பார்த்தார்.

"கிடைமட்ட ஈரம்" என்றேன்.

அந்தச் சொல் என்னுடையது. இன்றும் மேலிடத்து ஆவணங்களில் அது புழக்கத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

மிஞ்சியிருந்தது தூறல். எங்கள் பக்கத்தில் காலையிலிருந்து மாலைவரை மாவு சலித்ததுபோல் தூறினால், எதிரே வருகிறவர் தொப்பியைத் தொட்டு, "மெத்துன்னு ஒரு நாள், கடவுளுக்கு நன்றி" என்பார். இது பரம்பரை மரியாதை. கடவுளுக்கு நன்றி சொல்லப்படும் எதையும் மழை என்று புகார் செய்வது மாவட்ட மக்களின் நம்பிக்கையைப் புண்படுத்தும் என்று குழு ஏகமனதாக முடிவெடுத்தது. மார்ச் மாதம் பதினாறு 'மெத்தென்ற நாட்கள்' கிடைத்தன. மழை, பதினொரு மில்லிமீட்டர்.

ஏப்ரலில் மழைமானியையே காப்பாற்ற வேண்டியிருந்தது. வயலில் கிடந்து அநியாயமாக நனைந்துகொண்டிருந்தது. மாவட்டத்தின் சொத்து அல்லவா. சமூகக் கூடத்துக்குள், நாடக மேடையின் ஓரத்தில், பியானோவுக்குப் பக்கத்தில் அதை வைத்தோம். அதன் பிறகு அளவுகளில் ஒரு நிதானம் வந்தது. டிம்ப்னா மட்டும் அன்றைக்கு மழைமானியை ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பூட்ஸ் சேறு தரையில் பதியப் பதிய நடந்து வெளியே போனார். தன் வயலில் அதே இடத்தில் வேறொரு மழைமானியை நட்டுக்கொண்டார் என்று பின்னால் தெரிந்தது. 'தனியார் மழை' என்று தலைவர் அதை ஒதுக்கிவிட்டார்.

தற்காலிக அனுமதி வந்தது. அந்த வாரமே என் அக்கா அஸம்ப்டா அலுவலகத்துக்கு வந்தாள்.

அக்கா நடனப் பெண்களின் உடைகள் தைப்பவள். போட்டிகளில் பெண்கள் குதித்து ஆடும்போது பளபளக்குமே, கழுத்திலிருந்து முழங்கால்வரை பூவேலை செய்த கனத்த உடைகள், அவை. ஒன்று முடிக்க மூன்று வாரம் ஆகும். மீன் வறுக்கும் கடைக்கு மேலே ஒற்றை அறையில் இருந்தாள். எத்தனை முறை அலசினாலும் உடைகளில் எண்ணெய் வாடை.

"டேய் மலக்கி, அந்த வெயில்வெளில ஏழாம் நம்பர் வீடு பாத்தேன். கீழ் அறையில தெக்கு ஜன்னல். வெளிச்சம் அப்படி விழுது. எடுத்துக்கவா?"

"நல்ல வீடுக்கா."

"வீடு நல்லாருக்கு. இடம்? நாம சின்னப் பிள்ளைல அங்க அன்னத்துக்கு ரொட்டி போட்டிருக்கோம்டா."

நான் ஆண்டறிக்கையின் வரைவை எடுத்து அவள் முன் விரித்தேன். ஜனவரி முதல் ஏப்ரல்வரை, கட்டம் கட்டமாக, என் கையெழுத்தில். அக்காவுக்கு எண்களில் பயமும் என் கையெழுத்தில் பெருமையும் உண்டு. விரலை வரிசையாக ஓட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவுதான் பெஞ்சுதா? எனக்கு நிறைய பெஞ்ச மாதிரி இருந்துச்சே."

"அது உன் உணர்வு. இது பதிவு."

"நீ சொன்னா சரிதான்" என்று எழுந்தாள். வாசலில் நின்று திரும்பி, "உனக்கு ஒரு வெஸ்ட் கோட் தெச்சுத் தரேன், அந்த வெளிச்சத்துல முதல் வேலையா" என்றாள்.

இரண்டு நாள் கழித்து டிம்ப்னா என்னை மாட்டுச் சந்தையில் மடக்கினார். கன்றுகளின் கூச்சலுக்கு மேலே குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"உங்க அக்கா அங்க குடி போறாங்களாமே. நீ சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?"

"கணக்கெல்லாம் குழுவோட ரகசியம், டிம்ப்னா. இறுதி அறிக்கைக்கு முன்னால வெளிய பேசக் கூடாது."

"மழை ரகசியமா?"

"திருத்தப்படாத மழை ரகசியம்தான்."

அவர் ஓரடி நெருங்கி வந்தார். "உனக்கு ஒண்ணும் தெரியலன்னா பரவால்ல மலக்கி. உனக்குத் தெரியுது" என்றார். அவர் அக்காவிடம் போய்ச் சொல்லவும் செய்தார். அக்கா அவருக்குத் தேநீர் கொடுத்து, திராட்சை ரொட்டி கொடுத்து, "என் தம்பிதான் அதுக்குச் செயலாளர்" என்று பதில் சொல்லி அனுப்பியிருக்கிறாள். ஒரு குடிமகள் அரசாங்கப் பதிவின்மீது வைக்கும் நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஜூலையில் திறப்பு விழா. பந்தலுக்கு அடியில் ரிப்பன் வெட்டப்பட்டது. பந்தல் ஒரு பக்கம் தொய்ந்து, தேங்கிய தண்ணீர் இசைக்குழுவின் டிரம்முக்குள் கொட்டியது. மெத்தென்ற நாள். பதினெட்டுக் குடும்பங்கள் குடியேறின. அக்கா வெஸ்ட் கோட்டைத் தைத்துக் கொடுத்தாள். பொத்தான் துளைகூட கையால் செய்தது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டேன்.

நவம்பர் முழுக்க விடாமல் பெய்தது. அதாவது, கிடைமட்டமாக ஈரமாக இருந்தது. டிசம்பர் ஒன்பதாம் தேதி காலை எட்டரைக்குத் தலைவர் போன் செய்து, வெயில்வெளியில் 'சிறிது நீர்நிலை முன்னேற்றம்' என்றார். இருவரும் அவருடைய காரில் போனோம். சாலை முடிந்த இடத்தில் கார் நின்றது. சாலை முடியும் இடம் அதுவல்ல.

குடியிருப்பு ஏரிக்குள் நின்றது. காற்றில்லை, சத்தமில்லை. இரண்டு அன்னங்கள் நான்காம் நம்பர் வீட்டின் சமையலறை ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு டிம்ப்னாவின் டிராக்டர் வந்தது. முன்னால் வைக்கோல் தூக்கும் இரும்புத் தொட்டியில் மூன்று பேர் நின்றிருந்தார்கள். நடுவில் என் அக்கா. கம்பளிக்கு மேல் மழைக்கோட்டு. தையல் மெஷினைக் குழந்தையைப்போல் நெஞ்சோடு அணைத்திருந்தாள்.

இறங்கியதும் என்னைப் பார்க்கவில்லை. வீட்டைத் திரும்பிப் பார்த்தாள். கதவு திறந்து கிடந்தது. அதன் வழியாக ஒரு பச்சை நடன உடை மிதந்து வெளியே வந்தது. பிறகு ஒரு சிவப்பு. கைகள் விரிந்து, பாவாடை குடையாகப் பூத்து, ஒவ்வொன்றாக. கிறிஸ்துமஸ் போட்டிக்கானவை. பதினான்கு. நான் எண்ணினேன். எண்ணுவது என் தொழில்.

"அக்கா" என்றேன்.

"கொஞ்சம் தள்ளி நில்லுடா. டிராக்டர் திரும்பணும்" என்றாள்.

டிம்ப்னா ஒன்பது முறை போய் வந்தார். அவருடைய மழைமானியை அன்று அவர் பார்த்தது பதினொரு மணிக்கு. பத்தொன்பது வருடத்தில் முதல் தாமதம்.

அடுத்த வாரம் ஆண்டறிக்கைக் கூட்டம். டிம்ப்னா தன் நோட்டை மேசையில் வைத்தார். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மில்லிமீட்டர், ஒவ்வொரு நாளும் தனித்தனியே. தலைவர் அதைத் திறக்காமலேயே பேசினார்.

"தண்ணி மேலருந்து வந்துச்சா, கீழருந்து வந்துச்சா?"

"கீழருந்துதான் ஏறுச்சு. டர்லாக் அப்படித்தானே."

"முடிஞ்சுது. கீழருந்து வர்றது வானிலை ஆகாது. அது நிலவியல். நிலவியலுக்கு வேற துணைக்குழு."

"பதினெட்டுக் குடும்பம் கூடத்துல பாய் விரிச்சுப் படுத்திருக்கு, கோன். உன் மழைமானிக்குப் பக்கத்துலயே."

"அந்த மழைமானி என்ன காட்டுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டிம்ப்னாவின் நோட்டு, கூடத்து மழைமானியின் நோட்டு, இரண்டும் எனக்கு முன்னால் இருந்தன. செயலாளர் கையெழுத்திட்டது செல்லும், கையெழுத்திடாதது செல்லாது. விதி அவ்வளவுதான். அந்த ஒரு நிமிடத்தில் மாவட்டத்தின் மழை முழுக்க என் பேனா முனையில் தொங்கியது. பேனாவைத் திறந்தேன். வெஸ்ட் கோட் மார்பில் இறுக்கமாக இருந்தது.

"பூஜ்யம்" என்றேன். கையெழுத்திட்டேன்.

ஆண்டு மழையளவு எண்பத்தாறு மில்லிமீட்டர். மேலிடம் பாராட்டுக் கடிதம் அனுப்பியது. டிம்ப்னா தன் நோட்டை எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வழக்கம்போல் எழுதினார் என்று கேள்வி.

அக்கா இப்போது டிம்ப்னாவின் வீட்டு மாடியில் இருக்கிறாள். ஜனவரியில் அறிக்கையின் அச்சுப் பிரதியோடு பார்க்கப் போனேன். மெஷினைப் பிரித்து, துருவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அறிக்கையை வாங்கிக் கடைசிப் பக்கம்வரை பார்த்தாள்.

"ஒரு பிழை இல்லடா."

"நானே மூணு முறை சரிபார்த்தேன்."

"மழையே பெய்யலன்னா, என் வீட்ல இடுப்பளவு நின்னுச்சே, அது என்னது?"

"அதுக்குக் குழு இன்னும் பேர் வைக்கலக்கா."

"நாங்க வெச்சுட்டோம்" என்றாள், துடைப்பதை நிறுத்தாமல். "இப்பல்லாம் புயலுக்கு ஆள் பேருதானே வெக்கறாங்க. பதினெட்டு வீட்லயும் மலக்கின்னுதான் சொல்றோம்."

நகைச்சுவை என்றுதான் நினைத்தேன். போன வாரம் மளிகைக் கடை வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் இரண்டு பெண்கள். ஒருவர் பன்னிரண்டாம் நம்பர் வீடு, இன்னொருவர் மூன்று.

"உங்க வீட்ல மலக்கி வடிஞ்சுடுச்சா?"

"வடிஞ்சுடுச்சு. நாத்தந்தான் இன்னும் போகல."