மலையிறங்காத மாஸ்டர்

விடுமுறைக்குப் போய் வருகிறவர்களில் ஒரு தனி இனம் உண்டு. பெட்டி வீடு வந்து சேர்ந்திருக்கும். ஆள் போன இடத்திலேயே இருப்பார். அந்த ஆள் பாட்டு வாத்தியாராகவும், போதாததற்குச் சொந்தமாக மெட்டுப் போடுகிறவராகவும் இருந்துவிட்டால், அக்கம்பக்கத்தாரைக் கர்த்தர்தான் காப்பாற்ற வேண்டும்.

சிங்கப்பூர் பிடோக்கில் நாலாவது மாடி லாசரஸ் மாஸ்டரைப் பாருங்கள். கொடைக்கானல் போய்த் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. கழுத்தில் இன்னும் கம்பளி மஃப்ளர். மின்விசிறியைப் போட்டால் குளிருகிறது என்பார். நிறுத்தினால் வியர்வையைத் துடைத்துக்கொள்வார். தேக்கா மார்க்கெட்டில் கேரட்டைக் கையில் எடுத்து, துக்க வீட்டுக்கு வந்தவர்போல் தலையை ஆட்டிவிட்டுக் கீழே வைப்பார். கோப்பிக்கடையில் பாலில்லாத தே ஓ வாங்கி, அது தேநீரே இல்லை என்று போட்டுக் கொடுத்தவருக்கே விளக்குவார். யார் கேட்டார்கள்? இந்த இனத்துக்கு யாரும் கேட்க வேண்டியதில்லை.

வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆர்மோனியத்தைத் திறந்ததும் மாஸ்டர் மலைப் பேருந்தில் ஏறிவிடுவார். அது உறுமிய உறுமலை இழுத்து இழுத்துப் பாடி, வளைவுக்கு வளைவு சுருதியைக் கூட்டி, ஹாரனைக் கட்டையில் வாசித்து, தொடையில் தாளம் தட்டி, உச்சிக்குப் போய்ச் சேரும்போது வகுப்பு முடிந்திருக்கும். சரளி வரிசை? அது அடிவாரத்திலேயே நிற்கும்.

அக்கா உர்சுலாவுக்கு இதெல்லாம் பெருமைதான். ஒரே ஒரு கவலை. மாதா கோயில் திருவிழாப் பூசைக்கு வருகைப் பாடல் என் தம்பி போடுகிறான் என்று பங்கு முழுக்கச் சொல்லி, சிராங்கூன் ரோட்டில் பூக்கட்டும் மங்களத்திடமும் சொல்லி வைத்திருந்தாள். வரிகள் எப்போதோ தயார். மெட்டு?

"வந்துக்கிட்டே இருக்குக்கா. அங்க இருந்த அமைதி இங்க எங்க இருக்கு?"

திருவிழாவுக்கு முதல் நாள் ஒத்திகையில், கோயில் பாடகர் குழுவின் மூத்தவர் அந்தோனி பொறுமையிழந்து, பழைய பாட்டையே பாடிவிடலாம் என்று சொல்லிவிட்டார். உர்சுலாவின் முகம் சுண்டிப்போனது. நாளைக்கு யார் முகத்தில் விழிப்பது?

குழுவில் பாதிப் பேர் மாஸ்டரின் வகுப்புப் பிள்ளைகள். அப்போதுதான் அவர்களில் பிரிஜட் எழுந்தாள்.

"மெட்டுதான் இருக்கே, மாஸ்டர். நீங்க தினம் பாடுறீங்களே லா."

சொன்னதோடு நில்லாமல், வருகைப் பாடலின் வரிகளை அப்படியே மலைப் பேருந்தில் ஏற்றினாள். வளைவுக்கு ஒரு வரி. ஹாரன் அடித்த இடத்தில் அல்லேலூயா. மற்றப் பிள்ளைகளுக்கும் மனப்பாடமாயிற்றே. எல்லாரும் கூடவே தொற்றிக்கொண்டார்கள்.

"அது பஸ் சத்தம்," என்றார் மாஸ்டர்.

"நல்லாத்தான்டா இருக்கு. வாயை மூடிக்கிட்டு வாசி," என்றாள் அக்கா.

மறுநாள் பூசையில் பங்குச் சாமியாரே காலால் தாளம் போட்டார். வெளியே வந்து கைகுலுக்கியவர்களிடம் மாஸ்டர், இந்த மெட்டுக்காகவே மலையில் ஒரு வாரம் தவம் கிடந்ததாகச் சொன்னார். உர்சுலா மறுக்கவில்லை. மங்களத்திடம் போய்ச் சொன்னபோது தவம் ஒரு மாதமாகியிருந்தது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன விடுமுறையில் நீங்கள் எடுத்த புகைப்படங்களின் ஆல்பம், விருந்தாளி உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஏன் கிடக்கிறது? அதை நீங்கள் எடுத்துப் பிரித்ததும் விருந்தாளிக்குத் தன் வீட்டு அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது திடீரென்று ஞாபகம் வருகிறதா என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள்.