பொன்னுருக்கலன்று உங்கள் குளியலறையில் ஒரு மணி ஐம்பது நிமிடம்

கோட்-டெ-நெய்ஜ், மொன்றியல்
2 செப்டம்பர் 1995

பெருமதிப்புக்குரிய, இன்னும் முழுச் சம்பந்தியாகாத நகுலேஸ்வரன் அவர்களுக்கு,

நானும் என் சிறுநீர்ப்பையும் நலம். உங்கள் நலம் அறியத் தொலைபேசி எடுத்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டீர்கள். அவ்வளவு வேகமாக வைப்பவர் நலமாகத்தான் இருப்பார் என்று எடுத்துக்கொண்டு, இதை எழுதுகிறேன்.

முப்பத்தொரு வருடம் பத்திரிகை நிருபராக இருந்தவன். நடந்ததை நடந்த ஒழுங்கில் சொல்கிறேன். அதை வாசித்தபின் பொன்னுருக்கலுக்கு இன்னொரு நாள் வைப்பதா, என் மகள் சாம்பவியின் கலியாணத்தையே விடுவதா என்று நீங்கள் தீர்மானியுங்கள்.

ஆகஸ்ட் 24, வியாழன் காலை 6.20க்கு என் சிறுநீர் சிவப்பாகப் போனது. ஞாயிறு உங்கள் வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கப்போகிற நேரத்தில் பெண்ணின் தகப்பன் ஆஸ்பத்திரியில் கிடந்தால் சகுனம் சரியில்லை என்று யாராவது கதைப்பார்கள், ஆகவே மனைவி நல்லம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவள் அலுமாரியைத் திறந்து, ரொறொன்ரோவிலிருக்கும் தன் அக்கா சிவநேசம் போனமுறை விட்டுப்போன குளிசைப் போத்தலை எடுத்தாள். இரத்தக்கசிவை நிறுத்துகிற குளிசை, மொத்தம் இருபத்துநான்கு. "அக்காவுக்கு மூக்கால வந்த ரத்தம் ரெண்டு குளிசையில நிண்டது. ரத்தம் எதால வந்தா என்ன, ரத்தம்தானே?" என்றாள். எனக்கும் நியாயமாகப் பட்டது. ஞாயிறு காலைக்குள் பதினைந்து போட்டேன். சிவப்பு நின்றது. பிறகு எல்லாமே நின்றது.

ஆற்றுக்கு அக்கரையில் உங்கள் புரோசார்ட் வீட்டுக் குளியலறைக்குள் நான் போனது காலை 9.40. கீழ்மாடிக் குளியலறைக்குப் பெயின்ற் அடித்துப் பூட்டியிருந்தீர்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உள்ளே நான் நின்றேன், இருந்தேன், பைப்பைத் திறந்துவிட்டுத் தண்ணீர்ச் சத்தம் கேட்டேன், ஒரு துளி இல்லை. வெளியே நாற்பது பேர், எல்லாரும் இரண்டு கோப்பி குடித்தவர்கள். எனக்குப் போகவில்லை, அவர்களுக்குப் போக இடமில்லை. பக்கத்து வீட்டு மதாம் தன் கதவைத் திறந்துவிட்டாராம். பட்டுச்சேலைகள் அவருடைய புல்வெளியில் வரிசையாக நிற்க, இதுவும் கலியாணச் சடங்கில் ஒன்று என்று நினைத்து ஒவ்வொருவருக்கும் "போன்ஜூர்" சொல்லி உள்ளே விட்டாராம். உங்கள் பெரியம்மா இரண்டுதரம் போனதாக நல்லம்மா சொன்னாள்.

பெண்ணின் தகப்பன் இல்லாமல் உருக்கக்கூடாது என்று பொன் உருக்க வந்த பத்தரை மறித்து வைத்த உங்கள் பெருந்தன்மையை மறக்கமாட்டேன். கதவடியில் வந்து, "சம்பந்தி, சீதனத்தில, சீலையில ஏதும் மனக்குறை இருந்தா வெளியில வந்து கதையுங்கோ" என்றீர்கள். நாற்பது பேர் கேட்கும்படி உண்மையைச் சொல்ல வெட்கம். "கொஞ்சம் பொறுங்கோ" என்றேன். ஐந்துதரம் சொன்னேன். 11.04க்கு நல்ல நேரம் முடிந்தது. 11.30க்கு உங்கள் மகன், மாப்பிள்ளை லக்ஷன் ஏணி வைத்து ஜன்னலால் இறங்கி, தொட்டிக்குள் நான் சுருண்டு கிடந்ததைக் கண்டார். ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டேன். தங்கமான பிள்ளை, எனக்குத் தலைச்சுற்று என்று எல்லாருக்கும் சொல்லிக் காரில் ஏற்றினார். அதைத்தான் நீங்கள் சாட்டு என்று எடுத்துக்கொண்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் கார் குலுங்கியது, எது எங்கே இருக்கிறது என்று இப்போது என்னைக் கேட்டால் சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிரெஞ்சில் ஏசியதை, அங்கே தள்ளுவண்டி தள்ளுகிற வலன்ரைன் சுருக்கித் தமிழில் ஏசினார். "அண்ணை, மூக்கு ரத்தத்துக்கு அது நல்ல மருந்து. ஆனா இது சிறுநீரகத்தில இருந்து வாற ரத்தம். அதை உள்ளுக்கயே உறைய வைச்சா, கட்டியா இறங்கி வந்து குழாயை அடைக்கும். உங்களுக்கு வாசலையே அடைச்சிட்டுது. இன்னும் கொஞ்சம் மேல அடைச்சிருந்தா சிறுநீரகமே போயிருக்கும். ஆரின்ரையோ குளிசையை ஏன் விழுங்கினனீங்கள்?" ஒரு குழாய் விட்டுக் கழுவினார்கள். பையில் 1,100 மில்லிலீற்றர் என்று தாதி எழுதினாள், நானும் குறித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக ஓர் எண்ணை எழுதியதில்லை. இரத்தம் வந்த காரணம் சிறுநீரகத்தில் மிளகளவு ஒரு கல். அதுவும் இறங்கிவிட்டது.

ஆகவே சம்பந்தி, எனக்கு உங்கள் குடும்பத்தில் ஒரு குறையுமில்லை. இனிமேல் என் வீட்டில் ஒருவருடைய குளிசையை இன்னொருவர் தொடுவதில்லை என்று நல்லம்மா கையடித்துச் சத்தியம் செய்திருக்கிறாள். வேறு நாள் பார்த்து அறிவியுங்கள். அன்றைக்கு நான் வீட்டிலேயே போய்விட்டு வருகிறேன். உங்கள் இல்லத்தில் பொன்னும் உருகி, உங்கள் மனமும் இளகுக.

என்றும் பணிவுடன்,
க. ஆனந்தராசா

பி.கு.: கடிதத்தை நல்லம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டபிறகுதான் சொல்கிறாள். மூன்று நாளாக உங்களுக்கும் சிவப்பாகப் போகிறதாம், மனவருத்தத்தில்தான் என்று உங்கள் மனைவி அவளுக்குப் போனில் சொன்னாவாம். உறவு சீராகட்டும் என்று மிச்ச ஒன்பது குளிசையையும் நேற்று லக்ஷனிடம் உங்களுக்குக் கொடுத்துவிட்டாளாம், டொக்டர் ஏசிய கதையை நான் அவளுக்குச் சொல்ல முதல், சத்தியத்துக்கும் முதல். அரைமணியாக எடுக்கிறோம், உங்கள் லைன் பிசி. இதைத் தபாலில் போடவில்லை, டாக்சியில் நானே கொண்டுவருகிறேன். குளிசையைத் தொடவேண்டாம். போட்டிருந்தால் தயவுசெய்து குளியலறைக் கதவைப் பூட்டவேண்டாம்.