அத்தாவின் உரிமமும் என் அறையின் உரிமையும்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் சண்டைக்காரி அல்ல. சட்டம் படிக்கிறேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று எங்கள் வீட்டில் நம்புகிற ஒரே ஆள் நான்தான்.

என்னைப் பெற்ற அத்தா ஜாஃபர், காலமெல்லாம் அடுத்தவர் கம்பெனியில் வயர் இழுத்தவர். சென்ற நோன்புப் பெருநாளன்று, கையில் பாதி தின்ற குவே லாப்பிஸ் கேக்கோடு சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, நாடாளுமன்றத்தில் பேசுவதுபோல் அறிவித்தார்.

"இனிமே அடுத்தவன் லைசென்ஸுக்குக் கீழ வேலை பார்க்க மாட்டேன். நானே லைசென்ஸ் எடுக்கப் போறேன். நானே கான்ட்ராக்டர். ஜாஃபர் அண்ட் கோ!"

அம்மா சிரித்தார். நான் கைதட்டினேன். அடுத்த வாக்கியம் வரும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.

"படிக்க அமைதி வேணும். அஃப்ரீன் ரூம்லதான் கதவு ஒழுங்கா சாத்துது."

நீங்களே நியாயம் சொல்லுங்கள். சிராங்கூனில் எங்களுடையது மூவறை வீடு. அதில் படுக்கையறை இரண்டே இரண்டு. ஒன்று அவர்களுடையது. மற்றதில் நான் பிறந்ததிலிருந்து தூங்குகிறேன். எழுதித் தராவிட்டால் என்ன, அனுபவ பாத்தியதை என்று ஒன்று இல்லையா?

"அத்தா, நோட்டீஸ் இல்லாம ஒருத்தரை வெளியேத்தக் கூடாது!"

"நோட்டீஸ்தானே? இந்தா."

வேலைப் பையிலிருந்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்றை எடுத்து என் கதவில் ஒட்டினார். 'அபாயம், உயர் மின்னழுத்தம்.'

அத்தாவுக்கு உரிமம் வருவதற்கு முன்பே எனக்கு உரிமை போயிற்று. எழுத்தில் பார்த்தால் வித்தியாசம் வால்பக்கம் மட்டும்தான். சோபாவில் படுத்து, கால் வெளியே தொங்கும்போதுதான் தெரியும், கால்பக்கமும் உண்டு.

அன்றிலிருந்து வீட்டில் ஊரடங்கு. மிக்ஸி ஓடக் கூடாது. அம்மா நூருன்னிசா வீட்டிலிருந்தே பிரியாணி ஆர்டர் எடுப்பவர். அவருடைய கரண்டிகூட அண்டாவில் இடிக்காமல் கிண்ட வேண்டும். தரை துடைப்பது, தேக்கா சந்தையில் மீன் வாங்குவது, அத்தாவின் சட்டைகளுக்கு அயர்ன் போடுவது, எல்லாம் எனக்கு மாறின. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான். "அத்தாவுக்கு லைசென்ஸ் இன்டர்வியூ இருக்குல்ல."

அத்தா தன் தொலைபேசியைக்கூட அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டார்.

"நூரு, இதை நீயே வெச்சுக்க. யாரு கூப்பிட்டாலும் நீயே பேசி முடிச்சுரு. எனக்கு டிஸ்டர்ப் ஆகக் கூடாது."

"யாரு கூப்பிட்டாலுமா?"

"யாரா இருந்தாலும்."

"நானே முடிவு பண்ணிச் சொல்லலாமாங்க?"

"என்ன வேணா சொல்லு. என்கிட்ட மட்டும் வந்து கேக்காத."

சட்ட மாணவி என்ற முறையில் சொல்கிறேன். கல்யாணமான ஆண்கள் யாரும் இப்படி ஒரு வாய்மொழி அதிகாரத்தைக் கொடுக்கவே கூடாது. ஆனால் என்னை யார் கேட்டார்கள்? நான் சோபாவில் குடியிருக்கும் அகதி.

எப்போதாவது கதவைத் திறந்து எனக்குப் பாடமும் எடுப்பார்.

"வயர் மூணு வகைம்மா. லைவ், நியூட்ரல், எர்த். புரியுதா?"

"நல்லாப் புரியுது. அம்மா லைவ். நீங்க நியூட்ரல். எங்க கோளாறுன்னாலும் என் தலையில வந்து இறங்குது, நான் எர்த்."

"மாஷா அல்லாஹ்! உனக்கே லைசென்ஸ் குடுக்கலாம்."

இன்டர்வியூ நாள் வந்தது. நான் அயர்ன் போட்ட சட்டையில் போனார். தொங்கிய முகத்தோடு திரும்பினார்.

"தள்ளி வெச்சுட்டாங்க. தொடர்ந்து படிச்சுட்டே இருக்கச் சொன்னாங்க."

பாவம் என்று நினைத்தேன். மறுபடி போனார். மறுபடி தள்ளி வைத்தார்களாம். எனக்குக் கொதித்தது. இதைக் கேட்பார் இல்லையா?

"அத்தா, நான் அவங்களுக்கு எழுதுறேன். காரணம் சொல்லாம ஒத்திவைக்கிறது இயற்கை நீதிக்கு விரோதம்!"

"ஐயோ வேணாம்மா!" கட்டிலிலிருந்து குதித்தார். "மேல போற லைன்ல கை வெச்சா ஷாக் அடிக்கும்."

சோபா பக்கத்தில் பிளக் பாயின்ட் கிடையாது. எலெக்ட்ரிஷியன் வீட்டில் எங்கேதான் இருந்திருக்கிறது? விளக்குப் போட்டுப் படிக்க எக்ஸ்டென்ஷன் வாங்கலாமென்று ஜாலான் புசாரில் சேக் தாவூது மாமாவின் ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். அத்தா சாமான் வாங்குவது அங்கேதான்.

"வாம்மா! என்ன வேணும்?"

"ஒரு எக்ஸ்டென்ஷன் மாமா. ஹால்ல படிக்கணும்."

"லைசென்ஸ் எடுத்த மனுஷன் மகளுக்கு எக்ஸ்டென்ஷனா? ஒரு பாயின்ட் போட்டுத் தரச் சொல்லு லா."

"எங்க மாமா எடுத்தாரு? இன்டர்வியூதான் தள்ளிப் போய்ட்டே இருக்கே."

"எது தள்ளிப் போகுது? முதல் தடவையே பாஸ்! அன்னிக்கு இந்தக் கடையில பத்து பேருக்குப் பிரியாணி போட்டாரே..." என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா, மறுபடியும் உளறிட்டேனா! நான் ஒண்ணும் சொல்லலம்மா. எக்ஸ்டென்ஷனுக்குக் காசு வேணாம், எடுத்துட்டுப் போ."

அது லஞ்சம். வாங்கிக்கொண்டேன், சாட்சிப் பொருளாக.

வீட்டுக்கு வந்து அபாய ஸ்டிக்கரைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். அத்தாவின் முகத்துக்கு முன்னால் மின்னியல் புத்தகம் விரிந்திருந்தது. புத்தகத்துக்குப் பின்னால் என் பழைய டேப்லெட். டேப்லெட்டில் பூப்பந்து அரையிறுதி.

"பிரியாணி எப்படி அத்தா இருந்துச்சு?"

டேப்லெட் வயிற்றில் விழுந்தது.

"எந்தப் பிரியாணி?"

"ஜாலான் புசார் பிரியாணி. பத்து பேரு சாப்பிட்டது."

"கதவைச் சாத்தும்மா, கதவைச் சாத்து." குரல் தாழ்ந்தது. "சொல்றதைக் கேளு. இத்தனை வருஷமா ஏணி மேலயே நின்னேன். இப்பத்தான் வாழ்க்கையில முதல் தடவையா நான் கதவைச் சாத்துனா யாரும் தட்டல. டீ தானா வருது. மீன் வாங்கிட்டு வாங்கன்னு யாரும் விரட்டல. இன்னும் கொஞ்ச நாள் மட்டும் படிச்சுக்கறேனே?"

ஒரு நொடி மனம் இளகியது. பிறகு என் தலையணையைப் பார்த்தேன். முழுக்கக் கச்சான் கடலைத் தோல்.

குற்றவாளியை அடுப்படிக்கு இழுத்துப் போனேன். அம்மா பிரியாணியை டப்பாக்களில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா! உங்க உழைப்பைச் சுரண்டி, உங்க நம்பிக்கையை ஏமாத்தி, ஒரு ஆணாதிக்க..."

"மூச்சு விட்டுப் பேசு புள்ள."

"அத்தா எப்பவோ பாஸ் பண்ணிட்டாரு!"

"தெரியும்."

அத்தாவும் நானும் ஒரே குரலில் கேட்டோம். "எப்படி?"

"சேக் அண்ணன் கடையிலேர்ந்து பத்து பேருக்குப் பிரியாணி ஆர்டர் வந்துச்சு. என்னண்ணே விசேஷம்னேன். ஜாஃபர் பாஸாகிட்டாரு, அவரு விருந்துன்னாரு. அப்புறம்தான் ஐயோன்னாரு."

அத்தாவின் முகத்தில் ஃபியூஸ் போனது. "அது... நீ ஆக்குனதா?"

"நான்தான். 'என் வீட்டுல ஒரு நாளும் இப்படிச் சாப்பிட்டதில்ல'ன்னு விரலை நக்கிக்கிட்டே சொன்னீங்களாமே?"

எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. "தெரிஞ்சும் ஏன்மா சும்மா இருந்தீங்க? இது அடிமைத்தனம் இல்லையா?"

"எங்கடி சும்மா இருந்தேன்? அவரு உள்ள இருந்தப்பதான் என் வேலை ஓடுச்சு."

அந்த நேரம் பார்த்து அத்தாவின் தொலைபேசி ஒலித்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தார். குரலே மாறியது.

"ஹலோ, நூர் எலெக்ட்ரிகல். சீலிங் ஃபேனா? செய்யலாமே. ஆமா, லைசென்ஸ் உள்ள ஆளுதான். சனிக்கிழமை அனுப்பி வைக்கிறேன்."

அத்தா பயந்தபடி கேட்டார். "எந்த ஆளை அனுப்புற?"

"உங்களைத்தான். சனி ஃபுல்லு. ஞாயிறு காலைல கேலாங்ல ரெண்டு வீடு, மத்தியானம் நம்ம பிளாக்."

"அப்ப ஜாஃபர் அண்ட் கோ?"

"அதுல வெளிச்சமே இல்லங்க. நூர்னா என்ன அர்த்தம்? வெளிச்சம்தானே? கரன்ட் கம்பெனிக்கு அதுதான் பொருத்தம். பதிவு பண்ணியாச்சு. லைசென்ஸ் உங்களோடது, கம்பெனி என்னோடது."

"என்னைக் கேக்காமயா?"

"கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க? டிஸ்டர்ப் ஆகும்னு."

அத்தா என் பக்கம் திரும்பினார். "அஃப்ரீன், நீ சட்டம் படிக்கிற. இதெல்லாம் செல்லுமா?"

"'என்ன வேணா சொல்லு'ன்னு நீங்க சொன்னப்ப நான் பக்கத்துல நின்னேன் அத்தா. நான்தான் சாட்சி."

"நான் வேலைக்கு வரலைன்னா?"

"டீயும் வராது" என்றார் அம்மா.

அத்தா போய் ஏணியைத் துடைக்க ஆரம்பித்தார். முதலாளி ஆகக் கிளம்பியவருக்கு அதே ஏணி, அதே ஸ்க்ரூ டிரைவர்; முதலாளி மட்டும் மாறியிருந்தார். முந்தைய முதலாளியிடமாவது டாக்டரிடம் எம்.சி. வாங்கி லீவு போடலாம்.

எனக்கோ உள்ளமெல்லாம் ஆயிரம் வாட்ஸ் பல்பு. இதுவல்லவா நீதி! உழைத்தவள் கையில் அதிகாரம்! அடுத்த விவாதப் போட்டிக்கு அம்மாவையே உதாரணமாக எடுக்கலாமென்று முடிவு செய்தேன். தலையணையை உதறினேன். போர்வையைச் சுருட்டினேன். சோபாவுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டு வெற்றி நடையாக என் அறையை நோக்கி நடந்தேன்.

"அஃப்ரீன், எங்க போற?"

"என் ரூமுக்கும்மா."

அம்மா அடுத்த டப்பாவை மூடிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"இன்னிலேர்ந்து அது ஆபீஸ்மா, உள்ள வரணும்னா அப்பாயின்ட்மென்ட் வாங்கிக்க."