கவிழ்ந்த குடங்களும் நிற்காத லோகு அண்ணனும்

எங்கள் எம்.கே.பி. நகர் தெருவுக்கு ஒரு நாள் தண்ணீர் இல்லாமல் போனதற்கு நான்தான் காரணம். (தண்ணீர் லாரிக்காரர் மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன், எடுபடவில்லை.)

மறுநாள் எனக்குக் கல்லூரி வேலைக்கு நேர்முகம். மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் பிறக்கும் முன்பே, கணக்கில் எதையெல்லாம் விதி வைத்துத் தீர்க்க முடியும் என்று மண்டையைக் குடைந்துகொண்ட தர்க்கவியல்காரர் ஒருவர், கட்டம் கட்டமாக ஒரு நாடாவையும் நாலு விதிகளையும் வைத்து மனசுக்குள்ளேயே ஓர் இயந்திரம் செய்தார். அதை விளக்க நாடாவுக்கு எங்கே போவேன்? தெருவில் குடங்கள் வரிசையாக நின்றன.

எங்கள் தெருவில் நிமிர்ந்த குடத்துக்குத் தண்ணீர் உண்டு. கவிழ்ந்திருந்தால் ஆள் வெளியே போயிருக்கிறார் என்று அர்த்தம், லாரிக்காரர் தாண்டிவிடுவார். எனக்கு அது கம்ப்யூட்டர் கணக்காகத் தெரிந்தது: நிமிர்ந்தது ஒன்று, கவிழ்ந்தது பூஜ்யம். (படிப்பு ஏறிவிட்டால் இப்படித்தான்.)

பக்கத்து வீட்டு லோகு அண்ணன் பாக்ஸிங் ஆடுபவர், சொன்னதைச் சொன்னபடி செய்பவர். ஒத்திகை பார்க்க அவரிடம் சொன்னேன்: "கடைசிக் கொடத்துல ஆரம்பிண்ணே. நிமிந்திருந்தா கவுத்துட்டு முன்னாடி போ. கவுந்திருந்தா நிமித்திட்டு நின்னுடு. ஒண்ணு கூட்டுற மிஷினு இது."

லாரி வரும் நேரம் என்பதால் எல்லாக் குடமும் நிமிர்ந்திருந்தது. அண்ணன் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே போனார். வரிசை முடிந்தது. அவர் நிற்கவில்லை. மெயின் ரோட்டைத் தாண்டினார். எங்கேதான் நிற்பார் என்று பார்க்கத் தெருவே அவர் பின்னால் போனது, அம்மா உட்பட.

ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்தேன்.

"கவுந்த கொடம் வந்தாதான நிக்கச் சொன்ன? வரவே இல்லியே தங்கச்சி."

திரும்பி வந்தால், மறுமுனையில் லாரியின் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அம்மா டிரைவருக்குப் போன் போட்டாள். "எல்லாக் கொடமும் கவுந்து கெடந்துச்சு, ஒரு ஆளக் காணோம். வேற தெருவுக்குப் போய்னுகீறேன்" என்றார் அவர்.

"அந்த மிஷினு நிக்குமா நிக்காதான்னு உனுக்கே தெரியாதா?" என்று என் பக்கம் திரும்பினாள் அம்மா.

"எல்லா மிஷினுக்கும் முன்னாடியே சொல்ல ஒரு வழியும் கெடையாதும்மா. நிரூபிச்சிருக்காங்க."

"நிரூபிச்சவன் வூட்ல கொழாத் தண்ணி வந்திருக்கும்."

வெட்கத்தில் செத்துப்போனேன். இருட்டும்வரை அடுத்த தெரு அடிபம்பில் ஊருக்கே தண்ணீர் அடித்தேன். மறுநாள் சாக்பீஸைத் தூக்கக்கூட தோள் ஒத்துழைக்கவில்லை. ஆனால், "எல்லாக் கட்டத்திலும் ஒன்றே இருந்தால் உங்கள் இயந்திரம் என்ன செய்யும்?" என்று தேர்வாளர் மடக்கப் பார்த்தபோது, என்னைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர் அந்த அறையில் இல்லை. வேலை கிடைத்தது.

தெரு இன்னும் மறக்கவில்லை. வரிசையின் தலையில் ஓட்டைக் குடம் ஒன்று எப்போதும் கவிழ்ந்தே கிடக்கிறது. புது லாரிக்காரர் யாராவது கேட்டால் அம்மா சொல்கிறாள்: "எம் பொண்ணு காலேஜு டீச்சரு. அவ மிஷினு வந்தா நிக்கிறதுக்கு ஒரு எடம் வேணும்ல."