சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிய சிடி

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று முதன்முதலில் நம்பியவன் நான்தான். அந்த வதந்தியைத் தெருவெல்லாம் பரப்பியவனும் நானே. தண்டனையை அனுபவித்தது மட்டும் எங்கள் வீட்டு ஓனர் ஸ்டெல்லா அக்கா.

இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில், கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள் நாலு பேர் ஒரகடத்தில் அக்கா வீட்டு மாடியில் குடியிருந்தோம். எனக்கு ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் வேலை. (டிரெய்னிதான். ஊரில் மட்டும் இன்ஜினியர்.) நாலு பேரும் சேர்ந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தோம். அதில் பாட்டு கேட்போம், சீட்டு விளையாடுவோம். என் கம்ப்யூட்டர் அறிவின் மொத்தக் கொள்ளளவு அவ்வளவுதான்.

அக்காவின் கணவர் ஜெபராஜ் துபாயில் இருந்தார். குழந்தை பிறப்பதற்கு முன்பே போனவர். மகள் பெனிட்டாவின் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. ஞானஸ்நானத்துக்கு வாலாஜாபாத்திலிருந்து வந்த ஸ்டுடியோக்காரர், புது டிஜிட்டல் கேமராவில் படம் எடுத்து, மூன்று சிடிகளில் போட்டுக் கொடுத்துவிட்டார். ஜெபராஜின் நண்பர் ஒருவர் லீவில் வந்திருந்தார், வெள்ளிக்கிழமை துபாய் திரும்புகிறார். அதற்குள் படங்களைப் பிரிண்ட் போட்டு அவரிடம் கொடுத்தாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மூன்று சிடிகளோடு மாடிக்கு வந்தார்.

"பிரிண்ட் போடுற கடைல இதுல ஒண்ணுமே இல்லன்றான் தம்பி. அவரு வாரா வாரம் போன்ல கேட்டுகினே கீறாரு. ஸ்டுடியோவுக்கு போன் போடட்டா?"

"எதுக்குக்கா? நான் பாத்துக்கிடுதேன்."

முதல் சிடியைப் போட்டேன். மிக்ஸி ஓடுவது போல ஒரு சத்தம், பிறகு, சிடியைப் போடு என்று கம்ப்யூட்டர் என்னையே கேட்டது. பனியனால் துடைத்தேன். பற்பசை தடவிக் கழுவினேன். (யாரோ சொன்னார்கள். யார் என்று தெரிந்தால் இன்றும் போய் அடிப்பேன்.) இரண்டாவது சிடிக்கும் அதே மரியாதை, அதே முடிவு.

எங்கள் கம்பெனி லைனில் ஒரு சட்டம். பெயில் ஆன பொருள் எதுவும் சிவப்பு ஸ்டிக்கர் இல்லாமல் மேஜையில் இருக்கக் கூடாது. இருந்தால் சூப்பர்வைசர் பேச்சிலேயே தோலை உரித்துவிடுவார். எட்டு மாதத்தில் அது கைப்பழக்கமாகிவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டிக்கர் பட்டை இருக்கும். இரண்டு சிடிகளின் முதுகிலும் அழுத்தி ஒட்டி, தேதியும் கையெழுத்தும் போட்டேன். மூன்றாவதைப் போடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. மின்வாரியத்துக்கு நான் கடமைப்பட்டிருக்கும் ஒரே சந்தர்ப்பம் அது.

"சிடியே டிஃபெக்ட் அக்கா" என்று தீர்ப்புச் சொன்னேன். அக்கா கீழே போய் ஸ்டுடியோவுக்குப் போன் செய்து, பின்னாலேயே போன என்னிடம் ரிசீவரை நீட்டினார்.

"சிடில ஒரு கோளாறும் இல்ல சார்" என்றார் ஸ்டுடியோக்காரர். "அப்புறம் படம் சேத்துக்கலாம்னு க்ளோஸ் பண்ணாம வுட்டுட்டேன். அப்டி வுட்டா எழுதுன மிஷின்ல மட்டும்தான் ஓடும். கொண்டாங்க. ஆனா பத்திரம், என் மிஷின்ல அழிச்சிட்டேன்."

அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ரிஜெக்ட் ஸ்டிக்கரோடு கொண்டு போனால் நன்றாக இருக்காதே என்று முதல் சிடியின் ஸ்டிக்கரை உரித்தேன். சிடியின் வெள்ளிப் பூச்சும் கூடவே வந்தது. அவசரப்பட்டுவிட்டோம் என்று நினைத்து, இரண்டாவதை மெதுவாக உரித்தேன். அது மெதுவாக வந்தது. பூச்சு போன இடத்தில் வெறும் பிளாஸ்டிக். அதன் வழியாக அக்காவின் முகம் தெரிந்தது.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அக்கா மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கொயந்த தலைல தண்ணி ஊத்துனது அதுலதான்டா கீது" என்றார். அவ்வளவுதான். அந்த வெட்கம் இன்றைக்கும் எனக்குப் போகவில்லை.

மறுநாள் மூன்றாவது சிடி வாலாஜாபாத்தில் அழகாகத் திறந்தது. அத்தனையும் பந்திப் படங்கள். ஊரே பிரியாணி சாப்பிடுகிறது. கடைசியில் ஒரே ஒரு படத்தில் பெனிட்டா, வெள்ளை கவுனில், வாய் நிறையச் சிரிப்போடு இருந்தாள். அக்கா சாப்பிட உட்கார்ந்தபோது குழந்தையை வாங்கி வைத்திருந்தது யார்? நான்தான். பல்லெல்லாம் தெரிய நிற்கிறேன்.

அந்தப் படம்தான் துபாய் போனது. அடுத்த வாரம் போன் வந்தது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கொயந்தய தூக்கினு கீறது யாரா? மாடில கீற தம்பி. கம்ப்யூட்டர் தெரிஞ்ச புள்ள."

இரண்டு வருடம் கழித்து ஜெபராஜ் அண்ணன் வந்தார். பர்சில் அதே படம், மூலைகள் மழுங்கிப்போய். என்னை வெட்டி எறிந்திருக்கலாமே என்று கேட்டேன்.

"கத்திரி வெச்சிப் பாத்தேன்பா. உன்னிய வெட்டுனா எம்பொண்ணு காலு போவுது. சரி, நீயும் இருன்னு வுட்டுட்டேன்."

இருபது வருடமாக அந்த வீட்டில் என் பெயர் ஸ்டிக்கர் மாமா. போன மாதம் பெனிட்டா பக்கத்தில் வல்லம் வடகாலில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாளே போன்.

"மாமா, என்னிய குவாலிட்டில போட்டிருக்காங்க. கைல ஒரு பட்டை சிவப்பு ஸ்டிக்கர். எதுல ஒட்டணும்னு இங்க சொல்லிக் குடுத்துட்டாங்க. எதுல ஒட்டக் கூடாதுன்னு நீ சொல்லு."