மூன்றாவது தடவை கேட்காத நாடு

மனிதகுல வரலாற்றில் நாடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்த தருணங்களை வரிசைப்படுத்தினால், துடியலூரில் எங்கள் எம்.பி. வீட்டு மாடியறையில் நடந்த கூட்டத்துக்கு முதலிடம் கொடுத்தே ஆக வேண்டும். கொரோனா இரண்டாம் அலை ஊரைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த நேரம். 'பெருந்தொற்றுக் காலத்தில் நாடாளுமன்றங்களிடையே ஒத்துழைப்பு' என்பது தலைப்பு. பல நாட்டு உறுப்பினர்கள் கம்ப்யூட்டர் திரையில் சின்னச் சின்னச் சதுரங்களாக உட்கார்ந்து உலகத்தைக் காப்பாற்றினார்கள். எம்.பி.யின் உதவியாளன் என்ற முறையில், காமிராவில் விழாத நாற்காலியிலிருந்து அதைக் கண்ணாரக் கண்டவன் நான்.

எம்.பி. திருமலைசாமி நூற்பாலை அதிபர், பண்பின் சிகரம். யார் எதைக் கொடுத்தாலும் முதல் இரண்டு தடவை வேண்டாம் என்பார், மூன்றாம் தடவை வாங்கிக்கொள்வார். எங்கள் பக்கத்தில் எல்லாருமே கொஞ்சம் அப்படித்தான். இவர் அதை விரதமாகவே கடைப்பிடித்தார். "எடுத்த எடுப்புல சரின்னுட்டா காணாததைக் கண்டவன்னு நெனைச்சுக்குவாங்கல்லங்க, ஞானாபரணம்?" என்று என்னிடம் சொல்வார். கட்சி எம்.பி. சீட் தந்தபோதும் இரண்டு தடவை மறுத்தார். மூன்றாவது தடவை மாவட்டச் செயலாளர் வாயைத் திறப்பதற்குள் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அந்த மாதம் அவருடைய டிரைவர் பங்காரு, கொரோனா வார்டாக மாற்றிய ஒரு கல்யாண மண்டபத்தில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தான். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மிஷின் அங்கே இரண்டே இரண்டு. நோயாளிகளோ மண்டபம் கொள்ளாமல். அந்த வார்டின் டாக்டர் ரெபேக்கா எனக்குப் போன் செய்தார். "மாத்தி மாத்தி வெச்சுட்டிருக்கறமுங்க சார். மிஷின் வந்துட்டா பங்காரு பொழைச்சுக்குவாருங்க. வராட்டி என்னைக் கேக்காதீங்க."

கூட்டத்தன்று காலையில் பங்காருவின் மனைவி ராமாமணி எம்.பி. வீட்டு வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். "முதலாளி, உங்களைத்தானுங்க நம்பியிருக்கறேன்."

"நீ ஊட்டுக்குப் போ அம்மணி. வெளிநாட்டுக்காரங்க ஒரு பிளேன் நெறைய மிஷின் வெச்சிருக்காங்களாம். மொத மிஷினு நம்ம பங்காருக்குத்தான்," என்றார் எம்.பி. சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அது நடிப்பல்ல, பங்காருவிடம் அவருக்கு உண்மையாகவே பிரியம்.

கூட்டத்தின் முதல் பாதி தீர்மானத்துக்கே சரியாகப் போனது. 'ஆழ்ந்த கவலை' என்று எழுதுவதா, 'மிக ஆழ்ந்த கவலை' என்று எழுதுவதா? ஒரு நாட்டு உறுப்பினர், தங்கள் அரசு வெறும் 'கவலை'க்கு மட்டுமே அனுமதி தந்திருப்பதாகச் சொன்னார். கடைசியில் 'போதிய அளவு ஆழ்ந்த கவலை' ஒருமனதாக நிறைவேறியது. சதுரங்கள் எல்லாம் கைதட்டின. கிருமிக்கு நிச்சயம் கை கால் உதறியிருக்கும்.

பிறகு கூட்டத் தலைவர் அம்மையார் பேசினார். குளிர்தேசம் ஒன்றின் நாடாளுமன்ற உறுப்பினர் அவர். நாட்டின் பெயரைச் சொல்வது ராஜதந்திரமாகாது.

"எங்களிடம் ஆக்சிஜன் கருவிகள் தயாராக உள்ளன. விமானமும் தயார். உங்கள் கோயம்புத்தூருக்கு அனுப்பட்டுமா, திரு. திருமலைசாமி?"

எம்.பி. குழைந்தார். "அய்யோ, ஒய் ட்ரபிள் மேடம்? வீ வில் மேனேஜ் மேடம்."

சரியென்று சொல்லச் சொல்லி, காமிராவுக்கு வெளியிலிருந்து இரண்டு கையையும் ஆட்டினேன். அவர் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "இருங்க ஞானாபரணம். இன்னும் ரெண்டுவாட்டி கேப்பாங்கல்லங்க?"

அம்மையார் கேட்கத்தான் செய்தார். "நிச்சயமாகவா? உங்களுக்குத் தேவையில்லையா?"

எம்.பி. மைக்கைப் போட்டார். "இட்ஸ் ஓக்கே மேடம். நோ நீட் மேடம்." சொல்லிவிட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, மூன்றாவது தடவைக்கு ஏற்ற முகத்துடன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இந்தியாவின் தன்னிறைவுக்கு எங்கள் பாராட்டு," என்றார் அம்மையார். "வேறு யாருக்காவது வேண்டுமா?"

அடுத்த சதுரத்திலிருந்த உறுப்பினர், கொஞ்சமும் கூச்சநாச்சமில்லாமல், "வேண்டும்" என்றார். நன்றியுரை முடிந்து திரை அணைந்தது.

"ரெண்டோட நிறுத்திப்போட்டாங்களே!" என்றார் எம்.பி. அவர் முகத்தில் ரத்தமே இல்லை. "மறுக்கா கேக்கவே இல்லீங்களே!"

"இப்பவே போன் பண்ணிச் சொல்லிடலாமுங்க. ஒண்ணே ஒண்ணாச்சும் அனுப்பச் சொல்லலாமுங்க," என்றேன்.

"நாமளா போயிக் கேக்கறதா? நல்லாருக்குமுங்களா?" அங்கவஸ்திரத்தைக் கழற்றி மடித்தார். "ரெண்டுவாட்டியோட நிறுத்தறதுதான் சர்வதேச நடைமுறையாட்ட இருக்குது. உடுங்க. பேப்பருக்கு ஒரு செய்தி மட்டும் குடுத்துருங்க."

கொடுத்தேன். 'வந்த உதவியை வேறு நாட்டுக்கு விட்டுக்கொடுத்த கோவை எம்.பி.!' என்று படத்துடன் வந்தது. குளிர்தேசத்திலிருந்து பாராட்டுப் பத்திரமும் வந்தது. அதற்குச் சட்டம் போட்டு, கூட்டம் நடந்த மாடியறையிலேயே மாட்டினோம். இடைப்பட்ட ஒரு நாளில் பங்காரு இறந்துபோனான். அன்றைக்கு மிஷின் அவனுடைய முறைக்கு வந்து சேரவில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு எம்.பி. துக்கம் விசாரிக்கப் போனார். நல்ல வெயில். மின்சாரம் வேறு இல்லை. ஒத்துழைப்பின் மகத்துவத்தையும், பங்காருவின் விசுவாசத்தையும், உலகநாடுகள் தெரிவித்த கவலையின் ஆழத்தையும் பற்றி அவர் பேசப் பேச, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ராமாமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மோர் கொண்டாரட்டுங்களா முதலாளி?"

"எதுக்கு அம்மணி சிரமம்?"

"ஒரு டம்ளர் குடிங்க."

"பரவால்ல அம்மணி, வேண்டாம்." சொல்லிவிட்டு அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"சரிங்க," என்றாள் ராமாமணி. எழுந்திருக்கவில்லை.

எம்.பி. காத்திருந்தார். சமையலறைப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். கடைசியில் தாங்கமுடியாமல், வாழ்க்கையில் முதல்முறையாகத் தானாகவே வாய்விட்டுக் கேட்டார். "அம்மணி... மோருன்னியே..."

"நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே, முதலாளி."

கொங்கு நாட்டில் இப்படியொரு மரியாதைக் குறைவை நான் பார்த்ததே இல்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சர்வதேச நடைமுறை எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மிஷின்தான் வரவில்லை.